உயர்மலைப் புல்வெளி மண்: தழைச்சத்து கூடினால் நல்லதுதானே?

மண் பரிசோதனை அறிக்கையைப் படித்துவிட்டு என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. வெப்பம் கூடியதும் மண்ணில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) கூடியிருக்கிறதே, அப்புறம் என்ன கவலை? எண்ணை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

மரங்கள் வளராத உயரத்தில் உள்ள புல்வெளியைத் தோண்டினால், மேல்மண் கருகருவென்று, வேர்கள் பின்னிக் கெட்டியாக இருக்கும். மொத்தத் தழைச்சத்தை அளந்தால் பல வயல் மண்களைவிடக் கூடுதலாகவே வரும். ஆனால் புல்லுக்கு எட்டுவது சொற்பம். செத்த வேரும் இலையும் குளிரில் முழுசாக மட்காமல் சேர்ந்து வந்ததால், சத்தெல்லாம் அங்ககப் பொருளுக்குள் முடங்கிக் கிடக்கிறது. நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றினால்தான் வேருக்குத் தாராளமாகக் கிடைக்கும்.

வெப்பம் கூடி, ஈரமும் இருந்தால் இந்த வேலை வேகமெடுக்கும். அறிக்கையில் ஏறுகிற எண் பெரும்பாலும் இதுதான். புது வரவு இல்லை, பழைய வைப்புநிதியை உடைத்து எடுப்பது. கூடவே மண்ணில் இருந்த கரிமமும் கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் கலக்கிறது.

எடுத்ததைப் புல் சாப்பிட்டாலாவது சரி. அங்கேதான் நேரக்கணக்கு தவறுகிறது. கனத்த பனி மண்ணுக்கு நல்ல மூடாக்கு. மேலே காற்று மைனஸ் 20 டிகிரியில் இருந்தாலும் அடியில் மண் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். அந்த இருட்டில் நுண்ணுயிர்கள் பெருகி, தழைச்சத்தைத் தங்கள் உடலில் சேர்த்துக்கொள்ளும். பனி உருகும்போது அவற்றில் பெரும்பகுதி மடிய, சத்து வெளிவரும். சரியாக அப்போதுதான் வேர்களும் விழிக்கும். பனி முன்கூட்டியே உருகினால் இந்தப் பொருத்தம் குலைகிறது, வேர் விழிக்கும் முன்பே சத்து வெளிவந்துவிடுகிறது. நைட்ரேட்டுக்கு எதிர்மின்னேற்றம், களிமண் துகளுக்கும் பெரும்பாலும் அதுவே. அதனால் மண் அதைப் பிடித்து வைப்பதில்லை, உருகிய நீரோடு இறங்கிவிடும். பனி மெலிந்துபோனால் இன்னொரு வினோதம்: உலகம் சூடாகிறது, குளிர்கால மண்ணோ முன்பைவிட அதிகம் குளிர்கிறது! உறைந்து உருகி உறைந்து, நுண்வேர்கள் அறுபடுகின்றன.

மணிச்சத்தின் (பாஸ்பரஸ்) கதை வேறு. அது முக்கியமாகப் பாறை சிதைந்துதான் வர வேண்டும், அதற்கு அவசரம் தெரியாது. தழைச்சத்து ஓடுகிற வேகத்துக்கு அது ஈடுகொடுக்காதபோது, குறைந்த மணிச்சத்தில் சமாளிக்கும் செடிகள் மேலேறும், மற்றவை ஒதுங்கும்.

சராசரியாக 4,000 மீட்டருக்கும் மேலான திபெத் பீடபூமி, உலகச் சராசரியைப்போல ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் சூடாகிவருகிறது. அங்கே நிரந்தர உறைமண் உருகி நீர் கீழே இறங்கிவிட்டால் மேல்மண் காயும். ஈரமில்லாமல் நுண்ணுயிர் வேலையும் படுத்துவிடும். போதாக்குறைக்கு, காட்டெருமைக் குடும்பத்து யாக் சாணம் அடுப்புக்குப் போகிறது. மண்ணுக்குத் திரும்ப வேண்டிய தழைச்சத்து புகையாகிறது. மரமே இல்லாத இடத்தில் வேறு என்னதான் எரிப்பார்கள்?

இந்த மண்ணை அளப்பவர்களுக்கு ஒன்று. கோடையில் எடுத்த ஒரே ஒரு மண் மாதிரியை மட்டும் நம்பாதீர்கள். பனி உருகும் வாரங்களிலும் எடுங்கள். எடுத்த பையை உடனே ஐஸ் பெட்டியில் வையுங்கள். வெதுவெதுப்பான வண்டியில் கிடந்தால் பைக்குள்ளேயே நுண்ணுயிர்கள் வேலையைத் தொடரும். ஆய்வகம் அளப்பது மலையின் நைட்ரேட்டாக இராது, பையில் விளைந்ததாக இருக்கும். அறிக்கையில் மொத்தத் தழைச்சத்து, அம்மோனியம், நைட்ரேட், கிடைக்கும் மணிச்சத்து ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். மாதிரி எடுத்த தேதியும் மண்ணின் ஈரப்பதமும் இல்லாவிட்டால் அந்த எண்களை வைத்து நான் எதுவும் சொல்வதில்லை.