லென்ஸை மாற்றுவதற்கு முன்னால் ஃபைலைத் திறந்து பாருங்கள்

போன வாரம் என்னிடம் வந்த டிவிடி பிளேயருக்கு ஏற்கெனவே வேறொரு இடத்தில் லென்ஸ் மாற்றியிருந்தார்கள். அப்படியும் படம் ஓடவில்லையாம். விலைக்கு வாங்கிய டிவிடி ஒன்றைப் போட்டேன், ஓடியது. பாட்டு சிடி போட்டேன், அதுவும் ஓடியது. ஓடாதது ஒன்றே ஒன்றுதான்: பென் டிரைவில் இருந்த அவர்கள் வீட்டு வீடியோ. பென் டிரைவில் இருப்பதைப் படிக்க லென்ஸ் எதற்கு? இதை யாருமே கேட்கவில்லை. நல்ல லென்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசுக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள்.

அந்த ஃபைலின் பெயர் ஏவிஐ என்று முடிந்தது. ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்தால் வீடியோவுக்கு நேராக எச்இவிசி, அதாவது எச்.265 என்ற சுருக்கும் முறை, என்று காட்டியது. செல்போனில் எடுத்த வீடியோ. பிளேயர் எடுக்காததால் யாரோ பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

இதை எத்தனை தடவை சொல்வது? பெயரின் வாலை மாற்றினால் ஃபைல் மாறாது. உறை மேல் முகவரியைத் தமிழில் எழுதினால் உள்ளே இருக்கும் ஆங்கிலக் கடிதம் தமிழாகிவிடுமா? ஏவிஐ, எம்பி4, எம்கேவி எல்லாம் வெறும் உறைகள். உள்ளே படத்தை எந்த முறையில் சுருக்கியிருக்கிறார்கள், ஒலியை எந்த முறையில் சுருக்கியிருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். அதற்குத்தான் கோடெக் என்று பெயர். ஒரே எம்பி4 உறைக்குள் பழைய எம்பெக்-4 இருக்கலாம், எச்.264 இருக்கலாம், எச்.265 இருக்கலாம். "எங்கள் பிளேயர் எம்பி4 ஓட்டும்" என்பது பாதிப் பேச்சு.

இந்த நம்பிக்கை சாகாமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தனக்குத் தெரியாத வால் கொண்ட ஃபைல்களைப் பல பிளேயர்கள் பட்டியலிலேயே காட்டாது. ஏவிஐ என்று மாற்றியதும் பெயர் திரையில் தெரிகிறது. "பார்த்தீர்களா, எடுத்துக்கொண்டது" என்று சந்தோஷம். ப்ளே அழுத்தினால்தான் வண்டவாளம் தெரியும்.

அடுத்தது, "கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுகிறதே!" ஓடும். விஎல்சி போன்ற மென்பொருள் கிடைத்ததையெல்லாம் ஓட்டும். பிளேயருக்குள் இருக்கும் சிப் அப்படியில்லை. அதைச் செய்த நாளில் என்ன தெரியுமோ அதோடு சரி. எச்.264 வந்தது 2003இல், எச்.265 வந்தது 2013இல். டிவ்எக்ஸ் முத்திரை போட்ட பழைய டிவிடி பிளேயர் இரண்டையும் கண்டதில்லை. அதற்குத் தெரிந்தது டிவிடியின் எம்பெக்-2, அப்புறம் டிவ்எக்ஸ், எக்ஸ்விட் வகை எம்பெக்-4. ப்ளூ-ரே பிளேயர் என்றால் எச்.264 நிச்சயம் தெரியும், ஆனால் அதிலேயே நிறத்தை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 10 பிட் வகை என்றால் பெரும்பாலும் கை விரித்துவிடும். (ஃபர்ம்வேர், அதாவது பிளேயருக்குள் இருக்கும் மென்பொருளுக்கு, அப்டேட் போட்டால் புது கோடெக் வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு: சிப்பில் இல்லாததை அப்டேட் எங்கிருந்து கொண்டுவரும்? வேறு மாடலின் ஃபர்ம்வேரை ஏற்றி, உயிரே போன நிலையில் கொண்டுவராதீர்கள், தயவுசெய்து.)

உங்கள் பிளேயர் எதை ஓட்டும் என்று தெரிய ஒரே வழி, சோதித்துப் பார்ப்பது. அழித்து எழுதக்கூடிய ஒரு டிவிடி எடுங்கள். ஒரே வீடியோவிலிருந்து ஒரு நிமிடத் துண்டை வெட்டி, பல விதமாக மாற்றிப் பதியுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்ற வேண்டும்: கோடெக் அல்லது பிரேம் அளவு அல்லது ஒலி. எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது இடித்தது என்று கடைசிவரை தெரியாது. ஒவ்வொரு ஃபைலுக்கும் உள்ளே இருப்பதையே பெயராக வையுங்கள், ஆங்கில எழுத்தில், சுருக்கமாக. தமிழ்ப் பெயர் வைத்தால் பல பிளேயர்களில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

துண்டில் வேகமான அசைவு இருக்கட்டும். அசையாத காட்சியை எந்தப் பிளேயரும் ஓட்டிவிடும். ஓட்டப்பந்தயம் வந்தால்தான் திணறும். ஓடியதும் எழுந்து போய்விடாதீர்கள். ஒலி வருகிறதா? படம் வந்து ஒலி வராவிட்டால் பெரும்பாலும் ஒலியின் கோடெக் ஏஏசி அல்லது டிடிஎஸ் ஆக இருக்கும், அதை எம்பி3 அல்லது ஏசி3 ஆக்கிப் பாருங்கள். முன்னே ஓட்டிப் பாருங்கள். சப்டைட்டில் தெரிகிறதா பாருங்கள். பிறகு முழுநீளப் படம் ஒன்று. ஒலி படத்தைவிட்டு நழுவுவது ஒரு நிமிடத் துண்டில் பிடிபடாது.

அதே ஃபைல்களைப் பென் டிரைவிலும் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடி டிஸ்க்கில் மட்டும் ஓடாவிட்டால், அப்போது லென்ஸைப் பற்றியோ டிஸ்க் எழுதிய விதத்தைப் பற்றியோ பேசலாம். எழுதி முடித்த டிஸ்க்கை ஃபைனலைஸ் செய்யாமல், அதாவது மற்ற பிளேயர்கள் படிக்கும்படி மூடி முடிக்காமல், கொண்டுவந்து, "பிளேயர் படிக்கவில்லை" என்பவர்கள் இன்னொரு கூட்டம். பென் டிரைவின் ஃபார்மேட் (ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) ஃபேட்32 ஆக இருக்கட்டும், என்டிஎஃப்எஸ் பல பிளேயர்களுக்குத் தெரியாது. ஃபேட்32இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், முதலில் நகல் எடுங்கள்.

எதுவுமே ஒத்துவரவில்லையா? சாதாரண டிவிடியாகவே மாற்றிவிடுங்கள்: எம்பெக்-2, பிரேம் அளவு 720க்கு 576 அல்லது 480 புள்ளிகள். படத்தின் கூர்மை குறையும், ஆனால் அநேகமாக எந்த டிவிடி பிளேயரும் எடுக்கும். மூல ஃபைலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் பழுது பார்க்கத்தான் வேண்டும் என்றால், பிளேயரை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஓடாத டிஸ்க்கையும் பென் டிரைவையும் கூடவே எடுத்துப் போங்கள். ரிமோட்டையும்.