சுவிட்ச்: விளாறு, சொடுக்கு, ஆளி

விலை குறைந்த வகைக் கார் வாங்கியவர்கள் கியர் தண்டுக்கு முன்னால் எழுத்தோ குறியோ இல்லாத இரண்டு மூன்று கறுப்பு மூடிகளைப் பார்த்திருப்பார்கள். உயர்ந்த வகையில் சுவிட்ச் இருக்கும் இடத்தை இந்த வகையில் அடைத்து வைத்திருக்கிறார்கள். கடைத்தெருவில் அதற்கு ‘டம்மி’ என்று பெயர். மூடுபனி விளக்கைத் தனியாக வாங்கிப் பொருத்துகிறவர், அந்த மூடியை நெம்பி எடுத்துவிட்டு அங்கே ஒரு சுவிட்சை அமர்த்துகிறார். சிறிய வேலைதான். ஆனால் அதை எழுத உட்கார்ந்தால், ‘சென்டர் கன்சோலில் ஆஃப்டர்மார்க்கெட் சுவிட்ச்’ என்னும் தொடரில் தமிழாக மிஞ்சுவது ‘இல்’ என்ற உருபு ஒன்றே. மற்றவற்றுக்குத் தமிழ் தேடிப் பார்ப்போம், முதலில் சுவிட்ச்.

சுவிட்ச் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் மின்சாரத்தோடு எந்த உறவும் இல்லை. குதிரையை விரட்டப் பயன்பட்ட மெல்லிய, வளையக்கூடிய குச்சியின் பெயர் அது. டச்சு, தாழ்ஜெர்மன் மொழிகளில் மெல்லிய கிளையைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது சொற்பிறப்பாளர் கருத்து. நம் ஊரில் புளியம் விளாறு என்று சொல்வோமே, அதுதான். பிறகு வண்டியை ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் நகரும் துண்டுக்கு அந்தப் பெயர் போயிற்று. 19ஆம் நூற்றாண்டில் மின்சுற்றை இணைத்துத் துண்டிக்கும் கருவிக்கும் அதுவே நிலைத்தது.

இந்த இடத்தில் தமிழ் தன்னையறியாமல் ஒரு வேலை செய்திருக்கிறது. சாட்டையைச் ‘சொடுக்குவது’ நமக்குப் பழைய வழக்கு; விரலைச் சொடுக்குவதும் அப்படியே. இன்று கணினிச் சுட்டியை அழுத்துவதைச் ‘சொடுக்கு’ என்கிறோம். ஆங்கிலேயர் குச்சியிலிருந்து சுவிட்சுக்கு வந்தார்கள். நாம் குச்சியின் ஓசையிலிருந்து அதே இடத்துக்கு வந்திருக்கிறோம். அந்த ஓசை வெறும் அலங்காரமும் அன்று. மின்தொடர்பு மெல்லப் பிரிந்தால் இடைவெளியில் தீப்பொறி நீண்டு எரிந்து முனைகளைக் கருக்கிவிடும் என்பதால், இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த ஜான் ஹென்றி ஹோம்ஸ் 1884இல் முனைகளைச் சட்டென்று பிரிக்கும் அமைப்பை உருவாக்கினார். சுவிட்ச் ‘டக்’கென்று விழுவது அந்த வேகத்தின் ஓசை.

அப்படியானால் கருவிக்குச் ‘சொடுக்கி’ என்றே பெயர் வைத்துவிடலாமே என்று தோன்றும். கணினி எழுத்தாளர்கள் அதை ஏற்கெனவே சுட்டிக்கு எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் தடை. வேறு சொற்கள் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டுப் பள்ளி அறிவியல் பாடம் மின்சுற்று வரையும்போது ‘சாவி’ என்கிறது. ஆய்வுக்கூடத்தில் செருகி எடுக்கும் பித்தளைச் சாவிக்கு அது சரி, காருக்குள் சாவி என்றால் வண்டியைக் கிளப்பும் சாவிதான். மேலும் சாவி போர்த்துக்கீசியம் தந்த சொல். ‘பொத்தான்’ என்றாலும் அதே கதைதான். ‘விசை’ நல்ல தமிழ், விசைப்பலகையில் அழகாக உட்கார்ந்திருக்கிறது; ஆனால் இயற்பியலில் அது தள்ளும் இழுக்கும் செயலுக்குரிய கலைச்சொல் ஆகிவிட்டதால் ‘மின்விசை’ என்றால் படிப்பவர் வேறு எங்கோ போய்விடுவார். ‘நிலைமாற்றி’ பிழையற்றது; ஆனால் காருக்குள் உட்கார்ந்து ஒருவர் இன்னொருவரிடம் சொல்லும் சொல் அன்று.

இலங்கைப் பாடநூல்கள் வெகுகாலமாக ‘ஆளி’ என்கின்றன. ஆள்வது ஆளி. முதலாளி, தொழிலாளி, அறிவாளி என்று ஒட்டாகவே அதைப் பார்த்துப் பழகிய நமக்குத் தனியாகக் கேட்டால் சற்று விநோதமாகத்தான் இருக்கும். கடையில் ஆளி என்றால் விதையைப் பொட்டலம் கட்டிவிடுவார்கள். இருந்தும் இதுவே பொருத்தம் என்று எனக்குத் தோன்றியது, ஒரு தவற்றுக்குப் பிறகுதான்.

என் காரில் மூடுபனி விளக்கு பொருத்தியவர், மின்கலத்திலிருந்து வந்த வயரை நேரே அந்தச் சிறு சுவிட்சுக்குள் விட்டு, அங்கிருந்து விளக்குகளுக்குக் கொண்டுபோயிருந்தார். ஒவ்வொன்றும் 55 வாட். இரண்டும் சேர்ந்தால் 110 வாட், அதாவது 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குச் சற்று மேல். சுவிட்சின் முதுகில் ‘6 ஆம்பியர், 250 வோல்ட்’ என்று பொறித்திருந்தது. அந்த 250 வோல்ட் வீட்டு மின்சாரத்துக்கான கணக்கு. அங்கே மின்னோட்டம் திசை மாறிக்கொண்டே நொடிக்கு 100 முறை சுழியை, அதாவது பூச்சியத்தைத் தொடுவதால் பொறி தானே அணையும், ஒரே திசையில் ஓடும் காரின் நேர்மின்னோட்டத்தில் அந்த உதவி கிடையாது. மலையேற்றத்தில் அரை மணி நேரம் விளக்கெரிந்தபின் சுவிட்சில் விரல் வைத்தேன். சுட்டது, பிளாஸ்டிக் வாடையும் வந்தது.

திருத்தம் எளியது: நடுவில் ஒரு ரிலே, அதாவது சிறிய மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தைப் போட்டு நிறுத்தும் கருவி. தடித்த வயர் மின்கலத்திலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30ஆம் முனைக்கு வந்து, 87ஆம் முனையிலிருந்து விளக்குக்குப் போகும். 85, 86 முனைகளுக்கு இடையிலுள்ள கம்பிச்சுருளை மட்டும் நம் சுவிட்ச் இயக்கும். அந்தச் சுருளுக்கு வேண்டியது கால் ஆம்பியருக்கும் குறைவு. இப்போது சுவிட்ச் சுமை தூக்குவதில்லை, கட்டளை மட்டும் இடுகிறது. உழைப்பு முழுவதும் ரிலேயினுடையது. ஆளி என்ற பெயருக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

ரிலேயும் ஒரு காலத்தில் குதிரையைக் குறித்த சொல்தான்: களைத்த குதிரைக்குப் பதில் வழியில் காத்திருக்கும் புதுக்குதிரை. கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோகும் இந்த முறைக்கு நம்மிடம் ‘அஞ்சல்’ உண்டு. இலங்கையில் ரிலே ஓட்டத்தை அஞ்சலோட்டம் என்றே சொல்கிறார்கள். மின்கருவிக்கு ‘அஞ்சலி’ என்று ஆக்கினால் துக்கம் விசாரிக்க வந்துவிடுவார்கள். எனவே ரிலேயை ரிலேயாகவே விட்டுவிடுவது நல்லது.

கன்சோல் பிரெஞ்சுக் கட்டடக்கலைச் சொல். மேலே உள்ள பாரத்தைத் தாங்கச் சுவரிலிருந்து நீட்டிய, செதுக்கிய தாங்கியை அது குறித்தது. நம் கோயில் தூணின் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை அதற்கு உறவுமுறை. ஆனால் இரு இருக்கைகளுக்கு நடுவே கிடக்கும் பெட்டியைப் போதிகை என்பது வலிந்து சொல்வதாகும், ‘நடுமேடை’ போதும்.

ஆஃப்டர்மார்க்கெட்டைப் ‘பின்சந்தை’ என்று பெயர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். வண்டி விற்றபின் அதற்கான உதிரிகளும் துணைப்பொருள்களும் விற்கும் சந்தை என்பது பொருள். பின்சந்தை என்றால் ஏதோ கொல்லைப்புறக் கள்ளவியாபாரம் போல ஒலிக்கிறது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகள் போன்ற இடங்களில் ‘கம்பெனி ஃபிட்டிங்கா, வெளி ஃபிட்டிங்கா’ என்று கேட்பார்கள். அந்த ‘வெளி’ எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது; எழுத்தில் ‘வெளிப்பொருத்தல்’ என்றால் யாருக்கும் அகராதி வேண்டாம். ஆக, நடுமேடையில் வெளிப்பொருத்தலாக ஓர் ஆளி.

வினையில் மட்டும் ஓர் எச்சரிக்கை. பாடநூல் மொழியில் சுற்றை ‘மூடினால்’ மின்னோட்டம் பாயும், ‘திறந்தால்’ நிற்கும். குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்து வளர்ந்தவருக்கு இது தலைகீழ். ஆளியைத் திற, மூடு என்று எழுதாமல், வீட்டில் சொல்வது போலப் போடு, நிறுத்து என்றே எழுதலாம், அணைப்பது விளக்கைத்தான்.