தாய்க்கு வந்த சின்னம்மை, சேய்க்கு எப்போது ஆபத்து?

மண்டைக்காட்டுக் கொடை நடக்கும் மாசியை ஒட்டிய வெயில் காலத்தில் குமரி மாவட்டத்து வீடுகளில் சின்னம்மையும் தலைகாட்டும். அந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருந்தால், வேப்பிலை கட்டுவதோடு நின்றுவிடாமல், அன்றைக்கே மகப்பேறு மருத்துவரிடம் தெரிவித்துவிட வேண்டும்.

சின்னம்மை வைரஸ் ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்து வைரஸ்கள் ஒருமுறை உடலுக்குள் புகுந்தால் வெளியேறுவதே இல்லை. நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டு பதுங்கிக் கிடக்கும் சின்னம்மை வைரஸ்தான் முதுமையில் அக்கியாக வெளிப்படுகிறது. ஆயினும் சேயைப் பெரிதும் அச்சுறுத்துவது பதுங்கியிருக்கும் பழைய வைரஸ் அன்று, கர்ப்பகாலத்தில் புதிதாகத் தொற்றுவதே. முன்பே தொற்று கண்ட தாயின் இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் (வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்), குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குச் சென்று சேர்ந்துவிடும். புதிதாகத் தொற்றியவரின் உடலுக்கோ அதை உருவாக்கவே நாட்கள் பிடிக்கும். பிரசவத்துக்கு 5 நாள் முன்பிலிருந்து 2 நாள் பின்புவரை தாய்க்குக் கொப்புளம் தோன்றினால், வைரஸ் மட்டும் குழந்தையை அடைந்திருக்கும், எதிர்ப்பொருள் அடைந்திராது. அதனால்தான் அக்குழந்தைக்கு உடனே எதிர்ப்பொருள் ஊசி போடப்படுகிறது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த, உதட்டிலும் பிறப்புறுப்பிலும் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸிலும் இதே கணக்குத்தான். அது பெரும்பாலும் கருப்பையில் அல்ல, பிரசவப் பாதையில்தான் தொற்றுகிறது. பேறுகாலத்தை ஒட்டி முதன்முறையாகத் தொற்று கண்ட தாயிடமிருந்து 100-க்கு 30 முதல் 50 குழந்தைகளுக்குப் பரவக்கூடும். பழைய தொற்று மீண்டும் எழுந்தால் 3-க்கும் குறைவே. பிறப்புறுப்பில் ஏற்கெனவே இத்தொற்று கண்டவர்களுக்கு 36ஆம் வாரம் முதல் அசைக்ளோவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தருவதும், வலி எடுக்கும்போது புண் இருந்தால் சிசேரியன் செய்வதும் இதற்காகவே. தாய்வீட்டுக்குப் பிள்ளை பார்க்க வருகிறவர், உதட்டில் கொப்புளத்தோடு முத்தமிட்டாலும் பச்சிளங்குழந்தைக்குத் தொற்றும். உறவினர் மனம் கோணுமே என்று இதில் தயங்கவே கூடாது.

இக்கணக்குக்கு அடங்காதது இக்குடும்பத்தின் இன்னொரு வைரஸான சைட்டோமெகலோ வைரஸ். நம் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு இளம் வயதிலேயே தொற்றிவிடும் இது, எதிர்ப்பொருள் இருந்தும், பழையது மீண்டும் எழுந்தோ வேறு வகை புதிதாக நுழைந்தோ நஞ்சுக்கொடியைக் கடக்க வல்லது. பிறக்கும்போது நலமாகத் தோன்றும் குழந்தைக்கும் பின்னாளில் காது மந்தமாகலாம். பிறந்த 3 வாரத்துக்குள் எச்சிலையோ சிறுநீரையோ சோதித்தால்தான் தொற்று கருவிலேயே வந்தது என்று உறுதியாகும். அதற்குப் பிறகு கண்டறியப்படும் வைரஸ் தாய்ப்பாலில் வந்ததாகவும் இருக்கலாம். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அவ்வாறு வருவது பொதுவாகத் தீங்கு செய்வதில்லை என்பதால், அதற்காகப் பாலூட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை.