ஜூஸ் மாதிரி இறங்கும் காக்டெயில்: வீட்டில் கலக்கும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

"கொஞ்சமாத்தான் குடிச்சேன் டாக்டர், ஜூஸ் மாதிரிதான் இருந்தது." கோடை விடுமுறை வந்துவிட்டால் இந்தப் பேச்சு என் காதில் விழாமல் இருக்காது. தலைவலி, வாந்தி, படபடப்பு என்று வருவார்கள். சிலர் மயங்கி விழுந்து நெற்றியில் காயத்தோடு வருவார்கள். இவர்களில் பலர் வழக்கமாகக் குடிப்பவர்கள் அல்லர். வீட்டில் நாலு பேர் கூடினார்கள், பழம் நறுக்கிப் போட்டு ஒரு ஜக் காக்டெயில் கலக்கினார்கள், அவ்வளவுதான். அவர்கள் மழுப்புவதாக நான் நினைப்பதில்லை. அது உண்மையிலேயே ஜூஸ் மாதிரிதான் இருந்திருக்கும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

பழம் மதுவின் வீரியத்தைக் குறைப்பதில்லை, நாக்குக்குத் தெரியாமல் மறைக்கத்தான் செய்கிறது. இனிப்பு, புளிப்பு, குளிர்ச்சி மூன்றும் சேர்ந்தால் ஆல்கஹாலின் எரிச்சலும் கசப்பும் அமுங்கிவிடும். வெறும் வோட்காவை ஒரு மடக்கு குடித்தால் தொண்டையே போதும் என்று சொல்லிவிடும். அதே வோட்கா தர்பூசணிச் சாற்றில் கலந்து ஐஸோடு வந்தால், தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கிற வேகத்தில் இறங்கும்.

இந்த மறைப்பு எவ்வளவு உறுதியானது என்பதற்கு மருத்துவ ஆராய்ச்சியிலேயே ஒரு சான்று உண்டு. 1980-களின் இறுதியில் கனடாவில் டேவிட் பெய்லி என்பவரின் குழு, ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையோடு ஆல்கஹால் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று சோதித்துப் பார்த்தது. குடிப்பதில் மது இருக்கிறதா இல்லையா என்பது பங்கேற்றவர்களுக்குத் தெரியக் கூடாது. அதனால் மதுவின் ருசி தெரியாமல் இருக்க கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார்கள். கிரேப்ஃப்ரூட் என்பது திராட்சை அல்ல, ஆரஞ்சு இனத்தைச் சேர்ந்த, லேசாகக் கசக்கும் பெரிய பழம். பங்கேற்றவர்களின் ரத்தத்தில் மாத்திரையின் அளவு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. துருவிப் பார்த்தபோது காரணம் மது இல்லை, ருசியை மறைக்கச் சேர்த்த சாறுதான் என்று தெரிந்தது. 1989-இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகுதான் மருந்துகளோடு கிரேப்ஃப்ரூட் சேரக் கூடாது என்ற எச்சரிக்கையே வந்தது. மருந்து விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

காக்டெயில் கலக்கும் முன் எடுத்து வைக்க வேண்டிய முதல் பொருள் அளவுக் கோப்பை. இல்லையென்றால் இருமல் மருந்தோடு வரும் மில்லி கோடு போட்ட மூடி போதும். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். காலி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, நீங்கள் வழக்கமாக எடுக்கும் கிளாஸில் கண்ணளவாக '30 மில்லி' ஊற்றுங்கள். அப்புறம் அதை அளந்து பாருங்கள். 50, 60 என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அகலமான கிளாஸில் கண் இன்னும் ஏமாறும்.

40 சதவீத வீரியமுள்ள வோட்காவோ ரம்மோ 30 மில்லி என்றால் அதில் சுத்தமான ஆல்கஹால் 12 மில்லி, எடையில் சுமார் 9.5 கிராம். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். எலுமிச்சையோ, கறுப்பு காபியோ, குளிர்ந்த நீரில் குளிப்பதோ அதைக் கொஞ்சமும் வேகப்படுத்தாது. இதை வைத்து ஒரு ஜக்கைக் கணக்குப் போடுவோம். 12 சதவீத ஒயின் ஒரு பாட்டில், அதாவது 750 மில்லி. 'கொஞ்சம் கிக்' வேண்டும் என்று பிராந்தி 120 மில்லி. ஆரஞ்சுச் சாறு கால் லிட்டர், சோடா அரை லிட்டர், மேலே பழத் துண்டுகள். பார்க்க ஒன்றரை லிட்டருக்கு மேல் சிவப்பு ஜூஸ். உள்ளே 109 கிராம் ஆல்கஹால். 200 மில்லி கிளாஸ் ஒன்றில் 13 கிராம், 330 மில்லி பீர் ஒன்றுக்குச் சமம். இந்த ஜக்கிலிருந்து வெயிலில் நின்றபடி ஒருவர் நாலு கிளாஸ் குடித்துவிட்டு, 'ஒயின் ஜூஸ்தானே' என்று வண்டிச் சாவியைத் தேடுவார். நான் பயப்படுவது அந்த நிமிடத்தை நினைத்துத்தான்.

அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு ஜக்கே வேண்டாம், கிளாஸ் கிளாஸாகக் கலக்குங்கள் என்று சொல்வேன். ஒரு கிளாஸுக்கு 30 மில்லி வோட்கா, ஜின் அல்லது வெள்ளை ரம். புதிதாகப் பிழிந்த தர்பூசணி, ஆரஞ்சு அல்லது மசித்து வடிகட்டிய ஸ்ட்ராபெரி 60 மில்லி. எலுமிச்சைச் சாறு 15 மில்லி. சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கரைத்த பாகு 10 மில்லி, பழம் நன்றாக இனித்தால் அதுவும் வேண்டாம். ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தால் கசப்பு அடங்கி பழத்தின் ருசி மேலே வரும். இவற்றை மூடியுள்ள பாட்டிலில் ஐஸோடு குலுக்கி கிளாஸில் வடித்து, கடைசியாக 120 மில்லி சோடா ஊற்றுங்கள். சோடாவைச் சேர்த்துக் குலுக்கினால் மூடி தெறிக்கும். புதினா போடுவதாக இருந்தால் இலையை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டிப் போட்டாலே மணம் வந்துவிடும். போட்டு நசுக்கினால் பச்சைக் கசப்பு இறங்கும். மொத்தம் 235 மில்லி, வீரியம் சுமார் 5 சதவீதம். ஐஸ் பெரிய கட்டியாக இருக்கட்டும். சின்னச் சின்ன ஐஸ் சட்டென்று கரைந்து பானம் சப்பென்று ஆகிவிடும், உடனே 'இன்னும் கொஞ்சம் ஊத்து' என்று பாட்டில் மறுபடி திறக்கும்.

பழத்தை மதுவிலேயே ஊறவைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கண்ணாடி ஜாடியில் போட்டு, பழம் முழுவதும் மூழ்கும்படி ஊற்றி, ஃபிரிட்ஜில் வையுங்கள். மேலே மிதக்கும் துண்டுதான் முதலில் கெடும். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலைச் சீவும்போது உள்ளேயிருக்கும் வெள்ளைப் பகுதி வராமல் சீவுங்கள், அதுதான் கசப்பு. செர்ரி, ஆப்ரிகாட் போன்றவற்றின் கொட்டையை எடுத்துவிட வேண்டும். அந்தக் கொட்டையை உடைத்தால் சயனைடு வெளிவரக்கூடிய வேதிப்பொருள் உள்ளே இருக்கிறது. ஊறிய பழத்தை வடிகட்டித் தனியே எடுத்துவிடுங்கள். பழத்தின் சர்க்கரையும் நீரும் வெளியே வர, ஆல்கஹால் உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். அந்தத் துண்டுகளைத் தின்பதும் குடிப்பதுதான், ஆனால் யாரும் அதை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் கோடைப் பானம் பற்றிப் பேச முடியாது. உடம்பில் நீரைத் தேக்கிவைக்கச் சொல்லும் ஹார்மோனை ஆல்கஹால் தடுக்கிறது. அதனால் வழக்கத்தைவிட அதிகமாகச் சிறுநீர் போகும். வியர்வையிலும் நீர் போகிறது. தாகம் எடுக்கிறது, கையில் இருப்பதோ குளிர்ந்த காக்டெயில், மறுபடி அதையே குடிக்கிறோம். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வருவது இப்படித்தான். ஒரு கிளாஸ் காக்டெயிலுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர், அதுவும் சாப்பிட்ட பிறகு, நிழலில் உட்கார்ந்து. நீச்சல் குளம், கடல், ஆறு பக்கத்தில் இருந்தால் அன்றைக்குக் கிளாஸையே தொடாதீர்கள்.

இனி எலுமிச்சை. இது பலருக்குத் தெரியாத விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பச்சை எலுமிச்சையின் சாற்றிலும், அதைவிட அதிகமாகத் தோலிலும், ஃபியூரனோகூமரின் என்ற வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அவை தோலில் பட்டு, அதே இடத்தில் வெயிலின் புற ஊதாக் கதிரும் பட்டால் தோல் வெந்துபோகும். வெயிலில் நின்று விருந்தினருக்கு எலுமிச்சை பிழிந்துகொண்டிருப்பார்கள். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்து விரல்களுக்கு இடையில், புறங்கையில் சிவந்து எரியும், சிலருக்குக் கொப்புளம் கிளம்பும். சாறு வழிந்த தடம் மணிக்கட்டு வரை கோடாகத் தெரியும். பிழிந்த கையால் குழந்தையைத் தூக்கியிருந்தால் குழந்தையின் தோலில் விரல் பதிந்த மாதிரியே தழும்பு வரும். அடித்துவிட்டார்களோ என்ற சந்தேகம் வரை போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. எரிச்சல் ஆறிய பிறகும் அந்த இடம் பழுப்பாக வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். 'வாணலி சுட்டதா?' என்று கேட்டால் இல்லை என்பார்கள். எலுமிச்சை பிழிந்தீர்களா என்று கேட்ட பிறகுதான் முகம் மாறும். தடுப்பதோ மிக எளிது. வீட்டுக்குள்ளேயே பிழிந்து முடித்துவிட்டு, சோப்பு போட்டு நன்றாகக் கை கழுவிவிட்டு வெயிலுக்குப் போங்கள்.

செம்புக் குவளையில் ஊற்றுவது இப்போது அழகாகப் படத்தில் வருகிறது. எலுமிச்சை கலந்த புளித்த பானம் வெறும் செம்பில் பட்டால் செம்பு கரைந்து இறங்கும், வயிற்றுக்கு ஆகாது. உள்பக்கம் எவர்சில்வர் பூச்சு இருந்தால் பரவாயில்லை.

சரி, மாத்திரைகள். கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின், சிம்வாஸ்டாடின் சாப்பிடுபவர்களும், சில ரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் கிரேப்ஃப்ரூட் சேர்த்த பானம் எதையும் தவிர்க்க வேண்டும், மது இல்லாததையும்கூட. குடலில் மருந்தை உடைக்கும் நொதியை அந்தச் சாறு முடக்கிவிடுகிறது. விளைவு ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும் என்பதால் காலையில் மாத்திரை, மாலையில் சாறு என்று நேரம் பிரித்தும் பயனில்லை. பம்பளிமாஸுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை சாப்பிடும்போதும், அது முடிந்து 2, 3 நாள் வரையிலும் மது கூடாது என்பதே மருந்தோடு வரும் குறிப்பு. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, டிரமடால் போன்ற வலி மாத்திரைகளோடு மது சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து இருக்கிறது.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழச்சாறும் பாகும் முதலில் சர்க்கரையை ஏற்றும். கல்லீரலோ ஆல்கஹாலைக் கரைப்பதில் மும்முரமாக இருப்பதால், பிறகு சர்க்கரை இறங்கும்போது கைகொடுக்காது. இன்சுலினோ, கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு நள்ளிரவில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே போகலாம். உளறல், தள்ளாட்டம், வியர்வை எல்லாம் வரும். பக்கத்தில் இருப்பவர்கள் போதை என்று நினைத்துப் போர்வை போர்த்திவிட்டுப் போய்விடுவார்கள். இப்படி யாராவது கிடந்தால் முதலில் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே சொன்னது: ஆபத்தே இல்லை என்று சொல்லக்கூடிய மது அளவு எதுவும் கிடையாது. புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள்களின் முதல் பிரிவில் மது 1988 முதலே இருக்கிறது. பழம் சேர்ப்பதால் இது மாறாது. கர்ப்பிணிகளும், கல்லீரல் பிரச்சினை உள்ளவர்களும், குடியை விட்டவர்களும் ஒரு வாய்கூட வேண்டாம். இதுவரை குடிக்காதவர் விருந்துக்காகத் தொடங்கவும் வேண்டாம். அவர்களுக்கு வெறும் சோடாவை நீட்டுவது எனக்குப் பிடிக்காது. மேலே சொன்ன அதே கணக்கில் 30 மில்லி மதுவுக்குப் பதில், கெட்டியாகக் காய்ச்சி ஆறவைத்த பால் இல்லாத தேநீர் 45 மில்லி, இஞ்சிச் சாறு ஒரு டீஸ்பூன் ஊற்றுங்கள். தேநீரின் துவர்ப்பும் இஞ்சியின் காரமும் சேர்ந்தால் நாக்கில் ஒரு பிடிப்பு வரும், இனிப்புத் தண்ணீராகத் தோன்றாது. அதே கிளாஸ், அதே ஐஸ், அதே புதினா. நான் விருந்து வைத்தால் மேசையில் முன்வரிசையில் வைப்பது இதைத்தான்.

மது உள்ளதும் இல்லாததும் ஒரே நிறத்தில் இருப்பதால் ஜக்கிலோ பாட்டிலிலோ கண்டிப்பாகப் பெயர் எழுதி ஒட்டுங்கள். விருந்து முடிந்ததும் மிஞ்சிய கிளாஸ்களையும் ஊறிய பழத்தையும் அன்றிரவே கொட்டிவிடுங்கள். காலையில் முதலில் எழுவது குழந்தைகள், சிவந்த பழத் துண்டு அவர்களுக்குப் பழம் மட்டும்தான். சின்னக் குழந்தைகளுக்குக் கொஞ்சம் ஆல்கஹாலே ரத்தச் சர்க்கரையைச் சரேலென்று இறக்கிவிடும். சாப்பிட்டுவிட்டதாகத் தெரிந்தால் நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். பெரியவர் யாராவது தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வருகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால், வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸை அழையுங்கள். அது வரும்வரை ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சைக் கவனிக்க வேண்டும்.