சிங்கப்பூர் கிளம்பும் முன்: எந்தக் கேள்விக்கு எந்தத் தளம்?

சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் இறங்கும் முன் இணையத்தில் நிரப்ப வேண்டிய ‘வருகை அட்டை’ப் படிவத்துக்குக் கட்டணமே கிடையாது. ஆனால் கூகுளில் தேடினால் விளம்பரமாக மேலே வந்து நிற்கும் சில தளங்கள், அதே படிவத்தை நிரப்பித் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்குகின்றன. பணம் போவதுகூடப் பெரிதல்ல. பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, தங்குமிடம் எல்லாம் முன்பின் தெரியாதவர் கைக்குப் போய்விடுகிறது.

தப்பிக்க வழி எளிது. முகவரியின் தொடக்கத்தில் உள்ள ‘https://’ஐ விட்டுவிட்டு, அதற்குப் பின் வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். அரசுத் தளம் என்றால் அது ‘.கவ்.எஸ்ஜி’ (.gov.sg) என்று முடியும். ‘கவ்’ என்ற சொல் நடுவில் இருந்து, கடைசியில் ‘.காம்’ வந்தால் உடனே மூடிவிடுங்கள். வருகை அட்டைக்குரிய தளம் குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்துடையது (ஐசிஏ).

சிங்கப்பூரில் போய் இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாட்களுக்குள்தான் அட்டையை நிரப்ப முடியும். 10ஆம் தேதி இறங்குபவருக்கு 8ஆம் தேதி முதல். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். எண்ணில் வட்டமாகத் தெரிவது எழுத்தா பூஜ்யமா என்று குழம்ப வேண்டாம்: இந்திய பாஸ்போர்ட்டில் முதலில் ஓர் ஆங்கில எழுத்து, பின்னால் 7 இலக்கங்கள். எனவே முதல் இடத்துக்குப் பிறகு வருவது பூஜ்யம்தான்.

இந்த அட்டை விசா ஆகாது. இந்தியர்களுக்கு விசா தனியாகத் தேவை. அங்கீகரிக்கப்பட்ட முகவர்களின் பட்டியலைச் சிங்கப்பூர்த் தூதரகத் தளத்தில் பார்த்துவிட்டு முகவரிடம் போங்கள்.

பலரும் எட்டிக்கூடப் பார்க்காத தளம் சுகாதார அறிவியல் ஆணையத்துடையது (எச்எஸ்ஏ). பெற்றோரை அனுப்பிவைக்கும் பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளில் பொதுவாகச் சிக்கல் இல்லை. 3 மாதத் தேவைக்கு மேல் எடுக்காமல் இருந்தால் போதும். டயஸிபாம், அல்பிரசோலம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகளும், கோடீன் கலந்த இருமல் மருந்தும் வேறு கதை. இவற்றுக்கு முன் அனுமதி தேவைப்படலாம். நம் ஊர் மாத்திரை அட்டையில் கம்பெனி வைத்த பெயரும் இருக்கும், மருந்தின் பெயரும் இருக்கும். அந்தத் தளத்தில் தேட வேண்டியது மருந்தின் பெயரை. மருத்துவரிடம் மருந்துச்சீட்டு வாங்கும்போதே அந்தப் பெயரையும், ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அனுமதி கேட்பதை டிக்கெட் எடுத்த கையோடு செய்துவிடுவது நல்லது. கடைசி வாரத்தில் கேட்டால் பதில் வருவதற்குள் விமானம் கிளம்பிவிடும்.

பெட்டியில் வைக்கக்கூடாதவற்றுக்குச் சிங்கப்பூர்ச் சுங்கத்துறைத் தளம். மின்சிகரெட்டும் சூயிங்கமும் தடை. சிகரெட்டுக்கு வரிச்சலுகை அறவே இல்லை, ஒன்று வைத்திருந்தாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். இறைச்சி கொண்டுபோக நினைத்தால், எந்த நாட்டிலிருந்து எது அனுமதி என்ற பட்டியலைச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

ரயில், பஸ்ஸுக்கு ‘சிம்ப்ளிகோ’ தளம். இது ‘.காம்.எஸ்ஜி’ என்று முடிந்தாலும் நம்பலாம். டிக்கெட்டுக்குப் பதிலாக வெளிநாட்டு வங்கி அட்டையை இயந்திரத்தில் தட்டினால், பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 சிங்கப்பூர் காசு (சென்ட்) கூடுதல். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஏறும்போது போனைத் தட்டிவிட்டு இறங்கும்போது அட்டையைத் தட்டாதீர்கள். வங்கிக் கணக்கு ஒன்றே ஆனாலும் இயந்திரத்துக்கு இரண்டும் வேறு வேறு, கட்டணம் ஏறிவிடும். 0.9 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்குப் பெரியவருடன் இலவசம்.

ஜூன் முதல் அக்டோபர் வரை போகிறவர்கள், அதிலும் ஆஸ்துமா உள்ளவர்கள், தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் புகைமூட்டப் பக்கத்தைத் தினமும் பாருங்கள். காற்றுத்தூய்மைக்கேட்டுக் குறியீடு (பிஎஸ்ஐ) 100ஐத் தாண்டினால் திறந்தவெளிச் சுற்றலைத் தள்ளிப்போடுங்கள்.

ஊரை அறிந்துகொள்ள மரபுடைமைக் கழகத்தின் ‘ரூட்ஸ்’ தளத்தைவிட நல்லது இல்லை. 1827இல் தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் போன்ற இடங்களின் வரலாறும், நடந்தே பார்க்கும் வழித்தடங்களின் வரைபடங்களும் அதில் உண்டு. தேசிய நூலகத்தின் ‘நியூஸ்பேப்பர்எஸ்ஜி’யில் 1935இல் தொடங்கிய சிங்கப்பூர்த் தமிழ் நாளிதழான தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேடலாம். லிட்டில் இந்தியாவில் உள்ள சிராங்கூன் சாலையில் நடப்பதற்கு முந்தைய இரவு ஒரு மணி நேரம் அதில் செலவழித்தால், அங்கே பார்க்கும் கீழே கடையும் மேலே வீடுமான ஒவ்வொரு கடைவீட்டுக்கும் பின்னால் இருக்கும் மனிதர்கள் தெரிவார்கள்.