சிம்போசியம் – சொல் விளக்கம்

நம்மூர் எஞ்சினியரிங் மாணவர்களுக்கு இது ‘சிம்போ’: கட்டுரை வாசிப்பு, க்விஸ், மதியச் சாப்பாடு, சான்றிதழ். பல்கலைக்கழகத் துறைகளில் இதே பெயரில் நடப்பது கொஞ்சம் இறுக்கமானது. ஒரே பொருளைப் பற்றி வல்லுநர்கள் சிலர் அடுத்தடுத்துப் பேசுவார்கள். அவையினர் கேள்வி கேட்பார்கள்.

சொல் கிரேக்கம். ‘சிம்போசியான்’ என்றால் சேர்ந்து குடிப்பது! ‘சின்’ என்பது ‘உடன்’; பின்பாதி குடித்தலைக் குறிக்கும். அடுத்து பகரம் வருவதால் ‘ன்’ ‘ம்’ ஆகிவிட்டது. புணர்ச்சி விதி படித்த நமக்கு இது புதிதில்லை.

பழைய ஏதென்ஸில் விருந்து முடிந்த பிறகுதான் இது தொடங்கும். ஆண்களுக்கான அறையில் மஞ்சங்களில் சாய்ந்துகொண்டு, பெரிய கலத்தில் தண்ணீர் கலந்த திராட்சை மதுவைக் குடிப்பார்கள். எவ்வளவு தண்ணீர் கலப்பது என்று சொல்ல ஒரு தலைவர் உண்டு. கலக்காமல் குடிப்பது நாகரிகமற்றவர் பழக்கமாம். பாட்டு, குழலிசை, விடுகதை, கிண்ணத்தின் அடிவண்டலைக் குறிபார்த்து வீசும் விளையாட்டு எல்லாம் நடக்கும். வீட்டுப் பெண்களுக்கு அனுமதி இல்லை.

கிரேக்கத் தத்துவ அறிஞர் பிளேட்டோவின் ‘சிம்போசியம்’ என்ற நூல் அப்படியொரு இரவில் நடக்கிறது. கி.மு. 416இல் நாடகப் பரிசு வென்ற அகத்தானின் வீடு. முந்தின நாள் குடித்ததே இன்னும் தெளியவில்லை. சரி, இன்று அளவாகக் குடிப்போம் என்று குழலூதும் பெண்ணை அனுப்பிவிட்டு, காதலைப் பற்றி ஆளுக்கொரு உரை நிகழ்த்துகிறார்கள். மதுவைப் பின்னுக்குத் தள்ளிப் பேச்சை முன்னே வைத்த அந்த நூலின் புகழ்தான் சொல்லின் இன்றைய பொருளுக்கு வழிவிட்டது என்பேன். ரோமானியரான சிசரோவுக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லை. ‘சேர்ந்து வாழ்தல்’ எனப் பொருள்படும் லத்தீன் சொல்லே விருந்துக்குப் பொருத்தம் என்றார். ஆனாலும் லத்தீன் வழியாகவே கிரேக்கச் சொல் 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போய், அப்புறம் அறிஞர் கூட்டத்தையும் ஒரே பொருள் பற்றிய கட்டுரைத் தொகுப்பையும் குறித்தது.

தமிழில் ‘கருத்தரங்கு’ என்கிறோம். செமினாருக்கும் அதுவேதான். கான்ஃபரன்ஸ் மாநாடு, ஒர்க்‌ஷாப் பயிலரங்கு என்று பிரித்துக்கொண்ட மாதிரி, கருத்தரங்கைச் செமினாருக்கு விட்டுவிட்டு சிம்போசியத்தை ‘ஆய்வரங்கு’ எனலாம். ‘பட்டிமண்டபம்’ மணிமேகலைக் காலத்துச் சொல்தான், ஆனால் இன்று இரண்டு அணியும் ஒரு நடுவரும் இல்லாமல் அதை நினைக்க முடியாது.

கிரேக்கரின் அந்தப் பழைய கூட்டத்தையே சொல்ல வேண்டுமானால், புறநானூற்றின் ‘நாண்மகிழ் இருக்கை’ ஓரளவு நெருங்கி வரும். அங்கே பாணர் சூழ மன்னன் பகலில் மது அருந்துவான். கிரேக்கரிடமோ நண்பர்கள், இரவில்.