நட்சத்திரம் போடுகிறவர்களுக்கு நாம் எத்தனை மார்க் போடலாம்?

டெக்சஸில் டல்லாஸுக்கு வடக்கே ஆலன் என்று ஓர் ஊர். அங்கே ஹைஸ்கூல் பையன்கள் அமெரிக்க ஃபுட்பால் ஆட 2012-ல் ஒரு மைதானம் திறந்தார்கள். செலவு 6 கோடி டாலர், 18,000 பேர் உட்காரலாம். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களைக் கூட்டிப்போனால் "இது பள்ளிக்கூட கிரவுண்டா?" என்று கேட்காமல் ஒருவரும் திரும்பியதில்லை. போன சீசனில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு அங்கே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் நண்பர். வெளியூர் அணியில் சேஃப்டியாக, அதாவது கடைசி வரிசைத் தடுப்பாட்டக்காரனாக, ஆடுவது அவருடைய பையன். இடைவேளையில் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அண்ணா, இதைப் பாருங்க. நம்மாளை விட மெதுவா ஓடுறவனுக்கு மூணு ஸ்டார் போட்டிருக்கான். நம்ம பையன் பேரே இல்லை. இந்த ரேங்கிங்கை எல்லாம் நம்பலாமா? நீங்கதான் இந்த மாதிரி நம்பரைத் தோண்டுற ஆளாச்சே."

என் பிழைப்பு அதுதான். வங்கியில் கடன் கேட்டு வருகிறவர்களுக்கு மாடல் ஒரு மதிப்பெண் போடும். அந்த மதிப்பெண் சொன்னபடி நடந்ததா என்று இரண்டு மூன்று வருடம் கழித்துக் கணக்கெடுப்பது என் வேலை. ஹைஸ்கூல் ஆட்டக்காரர்களுக்குப் போடுகிற ரெக்ரூட்டிங் ரேங்கிங்கும் கிட்டத்தட்ட அதே சரக்குதான். இவன் கடனைக் கட்டுவானா என்பதற்குப் பதிலாக, இந்தப் பதினேழு வயதுப் பையன் காலேஜில் தேறுவானா, அதற்கு மேலே என்எஃப்எல் என்கிற தொழில்முறை லீக் வரை போவானா என்று கேட்கிறார்கள். இடைவேளைக்குள் சொல்லி முடிக்க முடியாத பதில் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. அமெரிக்காவில் ஹைஸ்கூல் ஃபுட்பால் ஆடுகிற பையன்கள் 10 லட்சத்துக்கு மேல். 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், இஎஸ்பிஎன் போன்ற தளங்கள் இவர்களில் சில ஆயிரம் பேரைப் பார்த்து இரண்டிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் போடுகின்றன. ஐந்து நட்சத்திரம் என்பது வருடத்துக்குச் சுமார் 32 பேருக்கு. ஏன் 32? என்எஃப்எல் அணிகள் வருடாவருடம் காலேஜ் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற ட்ராஃப்டின் முதல் சுற்றில் 32 இடம். 247ஸ்போர்ட்ஸ் அந்த எண்ணை வைத்தே தன் ஐந்து நட்சத்திரப் பட்டியலை அமைக்கிறது. அடுத்து நான்கு நட்சத்திரம் சில நூறு பேருக்கு. மீதிக் கூட்டம் மூன்றிலும் இரண்டிலும். என் நண்பரின் பையனைப் போலப் பட்டியலிலேயே இல்லாதவர்கள்தான் மிகப் பெரும்பான்மை.

ஒவ்வொரு பிப்ரவரியிலும் என்எஃப்எல் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் சமயத்தில் ஒரு பட்டியல் சுற்ற ஆரம்பிக்கும். இரண்டு அணியின் ஸ்டார்ட்டர்களும் (ஆட்டத் தொடக்கத்திலேயே களமிறங்குகிறவர்கள்) ஹைஸ்கூலில் எத்தனை நட்சத்திரம் வாங்கினார்கள் என்று. பாதிக்கு மேல் மூன்று, இரண்டு, சிலருக்கு ஒன்றுமே இல்லை. கீழே "ரேங்கிங் எல்லாம் டுபாக்கூர்" என்று ஒரு வரி. என்எஃப்எல்லில் கொடிகட்டிப் பறந்த பேட்ரிக் மஹோம்ஸ் மூன்று நட்சத்திரம், ஆரன் டொனால்ட் மூன்று நட்சத்திரம், அப்புறம் என்ன என்று கேட்பார்கள். என் அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் செய்கிற முதல் தப்பும் இதுவே: முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணுவது.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஐந்து நட்சத்திரக்காரர்கள் 32 பேரில் 8 பேர் முதல் சுற்றில் போகிறார்கள். மூன்றும் அதற்குக் கீழும் வாங்கிய 2,500 பேரில் 12 பேர் போகிறார்கள். முதல் சுற்றுப் பட்டியலை மட்டும் பார்த்தால் 12 பெரிது, 8 சின்னது. ஆரம்பத்திலிருந்து எண்ணினால், ஒரு பக்கம் நாலில் ஒருவர். இன்னொரு பக்கம் இருநூறுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. இவை நான் கற்பனையாகப் போட்ட எண்கள். நிஜ எண்கள் வருடத்துக்கு வருடம் ஏறும் இறங்கும், ஆனால் தராசு சாய்கிற பக்கம் இதுதான். ஐந்து நட்சத்திரக்காரனுக்கு நான்கு நட்சத்திரக்காரனை விட வாய்ப்பு அதிகம், நான்கு நட்சத்திரக்காரனுக்கு மூன்று நட்சத்திரக்காரனை விட அதிகம். வரிசை சரியாகத்தான் இருக்கிறது.

வரிசை சரியாக இருப்பது வேறு, சொன்ன அளவு சரியாக இருப்பது வேறு. கடன் மாடல் ஒன்று "இந்தக் கும்பலில் நூற்றுக்கு இரண்டு பேர் கட்ட மாட்டார்கள்" என்று சொல்லி, நான்கு பேர் கட்டாமல் போனால் நாங்கள் அதைத் திருப்பி அனுப்புவோம், வரிசை எவ்வளவு அழகாக இருந்தாலும். 32 பேரை முதல் சுற்று ஆட்கள் என்று எடுத்துக்கொண்டால் ரேங்கிங் தோற்றுப்போகிறது, 32 பேரும் ஒரு வருடம்கூட அங்கே போனதில்லை. ஆகவே நண்பர் கேட்ட "நம்பலாமா" என்பதற்கு என் முதல் பதில்: கும்பலுக்கு நம்பலாம், ஒற்றைப் பையனுக்கு ரொம்ப நம்ப வேண்டாம்.

சரி, எப்போது கணக்கு முடிப்பது? இங்கேதான் ரசிகர்கள் அவசரப்படுகிறார்கள். இதே ஆலன் பள்ளியில் ஆடியவர் கைலர் மர்ரி. ஸ்டார்ட்டராக ஆடிய 42 ஆட்டத்திலும் வெற்றி, ஐந்து நட்சத்திரம். 2015-ல் டெக்சஸ் ஏ அண்ட் எம் காலேஜுக்குப் போனார், ஒரே வருடத்தில் விட்டுவிட்டு ஓக்லஹோமா காலேஜுக்குப் போனார். அங்கே 2017-ல் அவர் பெஞ்சில். முன்னால் ஆடிக்கொண்டிருந்தவர் பேக்கர் மேஃபீல்ட், ஸ்காலர்ஷிப் இல்லாமல் தானாக வந்து அணியில் சேர்ந்தவர். அந்த வருடம் யாராவது மார்க் போட்டிருந்தால், ஐந்து நட்சத்திரக்காரன் உட்கார்ந்திருக்கிறான், கேட்பாரற்று வந்தவன் சிறந்த காலேஜ் ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்குகிறான், ரேங்கிங் இரட்டைத் தோல்வி என்று எழுதியிருப்பார்கள். அடுத்த வருடம் மர்ரியும் ஹைஸ்மன் வாங்கினார். 2018 ட்ராஃப்டின் முதல் பெயர் மேஃபீல்ட், 2019-ன் முதல் பெயர் மர்ரி. ஒரே ஆளைப் பற்றிய ஒரே கணிப்பு ஒன்றரை வருட இடைவெளியில் தப்பிலிருந்து சரிக்கு வந்துவிட்டது. ஹைஸ்கூல் முடித்து மூன்று வருடம் ஆகாமல் ட்ராஃப்டுக்கே போக முடியாது, பலர் நான்கு ஐந்து வருடம் காலேஜில் இருப்பார்கள். ஆறு வருடமாவது ஆறப்போடாமல் நான் எந்த வருடப் பட்டியலையும் தொட மாட்டேன்.

அதைவிட நுணுக்கமான ஓட்டை ஒன்று உண்டு. நாங்கள் இதைக் கசிவு என்போம்: பரீட்சைக்கு முன்னாலேயே விடைத்தாள் கொஞ்சம் வெளியே வந்துவிடுவது. ரேங்கிங் ஒரு நாளில் போட்டு உறைந்து நிற்பதில்லை. பையனின் பத்தாவது வகுப்பில் ஆரம்பித்து, ஜனவரி ஆல்ஸ்டார் ஆட்டங்கள் முடிகிற வரை மாறிக்கொண்டே இருக்கும். பேரே தெரியாத ஒருவனுக்கு அலபாமா, ஜார்ஜியா மாதிரிப் பெரிய காலேஜ் ஸ்காலர்ஷிப் ஆஃபர் கொடுத்தால் கொஞ்ச நாளில் அவன் நட்சத்திரம் ஏறும் என்பது ரசிகர்களிடையே பழைய புகார். அதில் தப்பு என்றும் சொல்ல முடியாது, வருடத்துக்குப் பல லட்சம் டாலர் சம்பளம் வாங்கும் கோச்சுகள் நேரில் வந்து பார்த்துக் கொடுக்கிற ஆஃபர் அது, நல்ல தகவல்தான். ஆனால் கடைசிப் பட்டியலை எடுத்து "பார், எவ்வளவு சரியாகச் சொன்னோம்" என்றால், பாதிப் பெருமை கோச்சுகளுக்குப் போக வேண்டும்.

நான் சோதிப்பதாக இருந்தால் இப்படிச் செய்வேன். பன்னிரண்டாம் வகுப்பு சீசன் தொடங்குவதற்கு முந்தின நாள் இருந்த பட்டியலைப் பிரதி எடுத்து வைப்பேன். பக்கத்தில் இன்னொரு மொண்ணைப் பட்டியல்: நட்சத்திரத்தைப் பார்க்காமல், எந்தப் பையனுக்குப் பெரிய காலேஜ்களிலிருந்து எத்தனை ஆஃபர் என்று எண்ணி வரிசைப்படுத்தியது. ஆறு வருடம் கழித்து இரண்டையும் மோதவிட்டால், நிபுணர்கள் தங்கள் கண்ணால் பார்த்துச் சேர்த்தது எவ்வளவு, எதிரொலி எவ்வளவு என்று தெரிந்துவிடும். மொண்ணைப் பட்டியலைத் தோற்கடிக்காத மாடலுக்கு எங்கள் அலுவலகத்தில் கையெழுத்து கிடைக்காது.

பல தளங்களின் மதிப்பையும் கலந்து ஒரு கூட்டு மதிப்பெண்ணும் வருகிறது, 0.9832 என்கிற மாதிரி நான்கு தசமத்தில். 0.9829 வாங்கியவன் இரண்டு படி கீழே போய்விடுவான். அந்த வித்தியாசத்துக்கு ஓர் அர்த்தமும் கிடையாது. அரிசியை மூட்டைக் கணக்கில் வாங்கிவிட்டு மில்லிகிராமில் பில் போடுவது மாதிரி. நாலு பேர் தனித்தனியாகப் பார்த்துச் சொன்னால் சராசரிக்கு மதிப்பு உண்டு. நாலு பேரும் ஒரே கேம்ப்பில் ஒரே வேலிக்குப் பக்கத்தில் நின்று பார்த்து, ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்திருந்தால் அது ஒன்றரை பேருடைய அபிப்பிராயம்தான்.

எந்த இடத்துக்கு ஆடுகிறான் என்பதையும் பார்க்க வேண்டும். ஓடிப் பிடிக்கிறவனின் வேகத்தைப் பதினேழு வயதில் அளந்துவிடலாம். முன்வரிசை லைன்மேன் அப்படியில்லை. 250 பவுண்டில் காலேஜ் போகிறவன் மூன்று வருடத்தில் 310-க்கு வர வேண்டும், வந்த பிறகும் கால் நகர வேண்டும், முழங்கால் தாங்க வேண்டும். எல்லா இடத்தையும் சேர்த்து ஒரே சராசரி போட்டால் இது மறைந்துவிடும்.

கடன் வேலையில் எனக்குத் தூக்கம் கெடுக்கிற விஷயம் வேறு. கடன் மறுக்கப்பட்டவர்கள் கட்டியிருப்பார்களா மாட்டார்களா என்று நமக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் அவர்களுக்குக் கடனே கொடுக்கவில்லை. ஃபுட்பாலிலும் அப்படியே. என்எஃப்எல்லில் பெயர் வாங்கிய ஜோஷ் ஆலன் கலிஃபோர்னியாவில் ஒரு விவசாய ஊர்ப் பையன். ஹைஸ்கூல் முடித்தபோது பெரிய காலேஜ் எதுவும் எடுக்கவில்லை. ரீட்லி என்கிற இரண்டு வருடக் காலேஜில் ஆடி, அங்கிருந்து வயோமிங் போய், 2018-ல் ட்ராஃப்டின் ஏழாவது பெயராகப் போனார். ஜேஜே வாட் இரண்டு நட்சத்திரம். சென்ட்ரல் மிச்சிகன் காலேஜில் டைட் எண்ட் என்கிற தாக்குதல் இடத்தில் ஆடினார், விட்டுவிட்டு ஊருக்கு வந்து பீட்சா டெலிவரி செய்தார், ஸ்காலர்ஷிப் இல்லாமல் விஸ்கான்சினில் சேர்ந்தார். பிறகு என்எஃப்எல்லில் ஹூஸ்டன் அணிக்காக ஆடி மூன்று முறை அந்த வருடத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரர். இவர்கள் எப்படியோ இடுக்கு வழியாக உள்ளே வந்துவிட்டவர்கள், அதனால்தான் நமக்குப் பெயர் தெரிகிறது. வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கணக்கிலும் வராது. மறுபக்கம், ஐந்து நட்சத்திரக்காரன் இரண்டு சீசன் சொதப்பினாலும் மூன்றாவது வாய்ப்பு கிடைக்கும். கணிப்பே வாய்ப்பை உண்டாக்கி, வாய்ப்பு கணிப்பைச் சரியாக்குகிறது. எடுபடாமல் போன ஐந்து நட்சத்திரங்களின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பட்டியலில் ஏறியபோது அவர்கள் மைனர் பையன்கள்.

அணி அளவில் ரேங்கிங் இன்னும் நன்றாகவே வேலை செய்கிறது. ஒரு கூட்டமாக எடுக்கிற 25 பேரைப் பற்றிய தப்புகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். பட் எலியட் என்ற எழுத்தாளர் ப்ளூ சிப் ரேஷியோ என்று ஒன்றைப் பிரபலமாக்கினார்: நான்கு வருடத்தில் ஹைஸ்கூலிலிருந்து எடுத்தவர்களில் பாதிக்கு மேல் நான்கு, ஐந்து நட்சத்திரமாக இல்லாத அணி தேசியப் பட்டம் வெல்லாது. 2011 முதல் 2024 சீசன் வரை பட்டம் வென்ற ஒவ்வொரு அணியும் இந்தக் கோட்டுக்கு மேலேதான். 2022 சீசனில் டிசியு என்கிற டெக்சஸ் காலேஜ் கோட்டுக்குக் கீழிருந்து இறுதிப் போட்டி வரை வந்தது. அங்கே ஜார்ஜியாவிடம் 65-7 என்று தோற்றது. ஆனால் 2025 சீசனில் இண்டியானா கோட்டுக்குக் கீழிருந்தே பட்டம் வென்று அந்த விதியையே அழித்துவிட்டது. அவர்களுடைய குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) ஃபெர்னாண்டோ மெண்டோசாவைச் சிறுவனாக இருந்தபோது பெரிய காலேஜ்கள் கண்டுகொள்ளவில்லை. கலிஃபோர்னியாவில் ஆடிவிட்டு மாற்றலாகி வந்தவர். 2021-க்குப் பிறகு காலேஜ் விட்டுக் காலேஜ் மாறுவது சுலபமாகிவிட்டதால், 22 வயது ஆளின் மூன்று வருட ஆட்டத்தையே பார்த்து வாங்கிக்கொள்ளலாம். பதினேழு வயதுக் கணிப்புக்கு அந்த அளவுக்கு மவுசு குறைந்திருக்கிறது என்பது என் எண்ணம். டெக்சஸ் ஏ அண்ட் எம் 2022-ல் எடுத்த கூட்டம் 247ஸ்போர்ட்ஸ் கணக்கில் அதுவரை இல்லாத உச்சம். அந்த சீசன் 5 வெற்றி, 7 தோல்வி. புதுப் பையன்களை வைத்து அதே வருடம் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று மேலேதான் சொன்னேன், அதனால் அதைச் சாட்சிக்கு அழைக்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் பலர் சீக்கிரமே வேறு காலேஜ் மாறிப்போனார்கள். அப்போது மார்க்கை யார் கணக்கில் எழுதுவது?

இனி நண்பரின் நிஜமான பிரச்சினைக்கு வருகிறேன். அவரிடம் ஒரு நிறுவனம் பேசியிருக்கிறது. சில ஆயிரம் டாலர் கட்டினால் பையனின் வீடியோவை வெட்டி ஒட்டி, கோச்சுகளுக்கு அனுப்பி, "ரேங்கிங்கில் வரவழைக்க முயற்சி" செய்வார்களாம். 2021 ஜூலையிலிருந்து காலேஜ் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானதும், நட்சத்திரம் என்பது பெற்றோர் கண்ணுக்குப் பணமாகத் தெரிகிறது. அதன் பின்னாலேயே இந்த வியாபாரமும் வளர்ந்திருக்கிறது. நான் கேட்கச் சொன்னது ஒரே கேள்வி: போன மூன்று வருடத்தில் பணம் கட்டிய எல்லாப் பையன்களின் கணக்கையும் தர முடியுமா? ஜெயித்த நாலு பேரின் போட்டோ வேண்டாம், மொத்தப் பட்டியல். கேட்டிருக்கிறார். அதன் பிறகு அவர்களிடமிருந்து போன் வரவில்லை.

கோச்சுக்கு நேராக அனுப்ப என்னென்ன வேண்டும் என்று கேட்டார். பொறுக்கி எடுத்த இரண்டு நிமிட வீடியோவோடு ஒரு முழு ஆட்டத்தின் வீடியோ, பள்ளி மார்க் ஷீட், டிராக் மீட்டில் மெஷின் பிடித்த ஓட்ட நேரம். 40 கஜ ஓட்டத்தைக் கையால் ஸ்டாப்வாட்ச் அமுக்கி எடுத்தால் நேரம் பெரும்பாலும் குறைத்தே காட்டும், பையன் கிளம்பிய பிறகுதான் விரல் அமுங்கும் என்பதால். இதைத் தெளிவாகச் சொல்லியிருந்தேன்.

அடுத்த வாரம் எல்லாவற்றையும் தொகுத்து எனக்கு அனுப்பினார். 40 கஜம், 4.48 விநாடி என்று தடித்த எழுத்தில் இருந்தது. யார் பிடித்த நேரம் என்று கேட்டேன்.

"நான்தான் அண்ணா. போன்ல."